ஐந்து மீட்டரில் எட்டு நிமிடம்

கயிறு ஆடியது.

கீழே யாரும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். படகிலிருந்து நங்கூரத்துக்கு இறங்கும் அந்தக் கயிற்றை, ஐந்து மீட்டர் ஆழத்தில், இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காலை வெயில் தண்ணீரில் நெளிந்து மினுங்கியது, படகின் அடிப்பக்கம் கறுத்துத் தெரிந்தது, அலைக்கு அலை இரும்பு ஏணி படகில் 'டங், டங்' என்று இடிக்கும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அவ்வளவு பக்கத்தில். ஆனாலும் போக முடியாது. முப்பது மீட்டர் ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர்கள் இங்கே நின்று நிதானித்துத்தான் மேலே ஏற வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழ் கட்டி ஆளையே முடக்கிப் போட்டுவிடும். மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி இன்னும் எட்டு நிமிடம் என்றது.

மறுபடி ஆடியது. ஓர் இழுப்பு. கொஞ்சம் தொய்வு. மறுபடி ஓர் இழுப்பு.

ஐந்து நாளாகப் படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் கரை கிடையாது. பல் டாக்டரான அவளுக்கு இந்த ஆழ்கடல் பைத்தியம் பிடித்துப் பத்து வருடம் ஆகிறது. தங்கைக்கு இது இரண்டாவது பயணம்தான். வரமாட்டேன் என்றவளைக் கேலி பண்ணியே இழுத்து வந்திருந்தாள். இன்று காலை சிலிண்டரை முதுகில் மாட்டும்போதும் தங்கை புலம்பினாள்.

"அக்கா, என் பக்கத்துலேயே இரு, என்ன? எனக்குக் காத்து சீக்கிரம் தீந்துடுது."

"அடி தொட்டாற்சிணுங்கி! உன்னை விட்டுட்டு நான் எங்கடி போகப்போறேன்?"

விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கைடு உடன் வந்த மற்ற நால்வரோடு மேலே போய்விட்ட பிறகு, பாறை இடுக்கிலிருந்து தங்கை பதறி வந்து, கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். காற்று இல்லை. இவள் மார்பில் அவசரத்துக்கென்று இரண்டாவது வாய்க்குழாய் தொங்கியது. இவள் தன் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். ஒருத்திக்குத் தாராளம், இருவருக்கு இழுபறி. வலி தாங்காமல் கையைப் பிடித்துக்கொள்ளும் நோயாளிகளின் விரல்களைப் பிரித்துப் பழகிய கை அது. தங்கையின் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உதைத்துத் தள்ளினாள். பாவி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது கயிற்றில் ஏதோ கைமாற்றிக் கைமாற்றி ஏறி வருகிறது. நீலம் கறுப்பாகும் இடத்தையே உற்றுப் பார்த்தாள். ஆள் வந்தால் முதலில் மூச்சுக் குமிழ்கள் வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. தங்கை பிழைத்திருந்தால் எல்லோரிடமும் சொல்லிவிடுவாளே என்பதுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகுதான் நேரத்தைக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு நிமிடம். காற்றில்லாமல் யாரும் பன்னிரண்டு நிமிடம் பிழைப்பதில்லை.

கருவியில் ஆறு நிமிடம்.

காலில் கட்டியிருந்த கத்தியை உருவினாள். படகு மிதந்து போனால் போகட்டும். கைக்குக் கீழே கயிற்றை வெறி பிடித்தவள் மாதிரி அறுத்தாள். இழை இழையாக விட்டது. அறுந்த பாதி சுருண்டு சுருண்டு ஆழத்துக்குள் மறைந்தது. அப்பாடா.

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. தங்கையின் முகம் எதிரே வந்து நின்றது. முகக் கண்ணாடி இல்லை. கண்கள் இமைக்கவில்லை. அவற்றில் கோபம்கூட இல்லை. அவள் மார்பில் தொங்கிய இரண்டாவது வாய்க்குழாயைத் தங்கை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். விடவே இல்லை.

முள் சரிந்தது. அவள் மேலே போகத் துடித்தாள். இடுப்பைச் சுற்றிய கை அசையவில்லை. முள் சிவப்புக்குள் போனது. நின்றது.

அவள் உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் தங்கை பிடியை விட்டாள். அவளைத் தாண்டி மேலே போனாள். ஏணியருகே கைடின் கை நீண்டு தங்கையைத் தூக்கியது. ஒரு பாதம் தண்ணீரை விட்டு வெளியேறியது. மறு பாதமும்.

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. அவள் கீழே அமிழ்ந்தாள். ஏணி சிறுத்துக்கொண்டே போனது. கைடின் கை அடுத்த ஆளுக்காகத் தண்ணீருக்குள் விரிந்தபடி காத்திருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கை, ஊறி வெளுத்த கை, மெல்ல இறங்கி, அவளை வா வா என்று அழைத்தது.