ஒன்பது ஐஸ் கட்டிகள்

அம்மாவின் பிறந்தநாளுக்கு லின்னியா பள்ளியில் தானே செய்த களிமண் காப்பிக் கோப்பையைக் கொடுத்தாள். அதில் காப்பி நிற்காது. அடியில் மூன்று விரிசல்கள். அம்மா ஒரு நாள் முழுக்க அதைத் தட்டின் மேல் வைத்தே குடித்தார். மறுநாள் கோப்பை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அண்ணன் ஆண்டர்ஸ் கொடுத்தது ஒரு ஆர்க்கிட் செடி. ஏழு வெள்ளைப் பூக்கள், பளபளக்கும் தாள் சுற்றிய தொட்டி. துலூத் நகரத்துப் பனியில் அது வாடிவிடக் கூடாதென்று தன் தொப்பியைக் கழற்றி அதற்கு மாட்டிக் கொண்டுவந்தான். வீடு வந்து சேர்ந்தபோது அவன் காதுகள் தக்காளியாகச் சிவந்திருந்தன.

அன்றிலிருந்து அம்மா காலையில் எழுந்ததும் நேராக ஜன்னலுக்குப் போய், "செல்லம், நல்லா தூங்கினியா?" என்று கேட்பார். செடியிடம்!

பத்து வருடங்களாக அந்தச் 'செல்லம்' லின்னியாவுடையது.

"அது பதில் சொல்லாதும்மா" என்றாள்.

"நீயுந்தான் காலையில பதில் சொல்றதில்ல" என்றார் அம்மா.

வாரத்துக்கு மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று தொட்டியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. அம்மா திங்கட்கிழமை மூன்று வைத்தார். அப்பா யாரிடமும் சொல்லாமல் புதன்கிழமை மூன்று. ஆண்டர்ஸ் வெள்ளிக்கிழமை மூன்று. இதையெல்லாம் எண்ணியவள் லின்னியா ஒருத்திதான். பொறாமைப்படுகிறவர்களுக்கு நேரம் நிறைய இருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரியில் இலைகள் துவண்டன. பாவம், தாகம் போலிருக்கிறது என்று எல்லாரும் இன்னும் ஐஸ் வைத்தார்கள். ஏழாவது பூவும் விழுந்த அன்று லின்னியா இரண்டு தோசை அளவு பான்கேக் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஆண்டர்ஸ் ஜன்னலருகே தனியாக நின்றிருந்தான். ஹாக்கியில் பல் உடைந்தபோதுகூடச் சிரித்தவன். இப்போது காதுகள் சிவந்திருந்தன. வீட்டுக்குள் குளிர் இல்லை.

லின்னியா மிச்சப் பான்கேக்கைத் தட்டிலேயே வைத்தாள். அருகில் போய்த் தொட்டியை முகர்ந்தாள்.

"உன் ஹாக்கிப் பை மாதிரியே நாறுது. வேர் அழுகிப்போச்சுடா. வாரத்துக்கு ஒன்பது ஐஸ். மூணு பேரும் வைக்கிறீங்க."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"அம்மா இதைச் செல்லம்னு கூப்பிட்டாங்க."

ஆண்டர்ஸ் தொட்டித் தாளின் ஓரத்தை நகத்தால் கீறினான். "என்னை எப்பவும் 'டேய்'னுதான் கூப்பிடறாங்க" என்றான்.

வகுப்பில் ஒரு செடி இப்படித்தான் செத்தது. அழுகிய வேரை முன்பே வெட்டியிருந்தால் பிழைத்திருக்கும் என்று டீச்சர் சொன்னது லின்னியாவுக்கு நினைவிருந்தது. தாளைப் பிரித்தார்கள். அரை தம்ளர் தண்ணீர் கொட்டியது. பழுப்பாகக் கொழகொழத்த வேர்களைக் கத்தரித்தபின் உறுதியான பச்சை வேர் நான்குதான் மிஞ்சியது. அவள் வளர்க்கும் பல்லியின் பெட்டியில் விரிக்க வாங்கிய மரப்பட்டைத் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன; ஆர்க்கிட்டை அதிலேயே நடலாம்.

நீர் வடிகிற தொட்டிதான் இல்லை. அந்த வீட்டில் எல்லாப் பாத்திரங்களும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தன. ஒன்றைத் தவிர.

லின்னியா நாற்காலியில் ஏறி மேல்தட்டிலிருந்து கோப்பையை எடுத்தாள்.

அன்று மாலையே அம்மாவிடம் ஒன்பது ஐஸ் கட்டிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். 'டேய்' உட்பட.

ஏப்ரலில் அந்தக் கோப்பையில் மரப்பட்டைகளுக்கு நடுவே ஒரு புது வேர் மூக்கை நீட்டியது.

"செல்லம், நல்லா தூங்கினியா?" என்று கேட்டார் அம்மா.

"தூங்கினேம்மா" என்றாள் லின்னியா, ரொட்டியை மென்றபடி.

அம்மா மேசையின் மறுபக்கம் திரும்பினார். "டேய் செல்லம், நீ?"

ஆண்டர்ஸின் காதுகள் தக்காளியாகச் சிவந்தன.