காலைப் பதற்றம்

ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் எந்த நிமிடத்தில் அலறல் வரும் என்று தெரியாததால், செங்கோட்டுவேல் காபியை அரை டம்ளருக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை.

"ஏனுங்க! ஐயோ, ஏனுங்க!"

சமையலறையிலிருந்து மனைவி சுகந்தியின் குரல். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சைப் பிசைகிற வலி இடது தோளுக்கு ஏறியது. ஆனாலும் எழவில்லை. சுகந்தி அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அலறியது அறைக்கு அறை சுவரில் பதித்திருந்த முன்பதற்றி. அடைப்புள்ள இதயம் முதல் உழைப்பில் வலிக்கும். கொஞ்சம் ஓய்ந்துவிட்டு மறுபடி உழைத்தால் வலி வெகுவாகக் குறையும். பழைய மருத்துவர்களுக்கே தெரிந்த சங்கதி இது. ஆனால் அந்த முதல் உழைப்புக்கு நடக்க வேண்டுமே! நம் ஆட்களை நடக்கச் சொன்னால் உடனே முழங்கால் வலிக்கும். எனவே உட்கார்ந்த இடத்திலேயே இதயத்தை ஓடவிட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பயம். யாருக்கு ஏதாவது ஆனால் நமக்கு உயிர் போகுமோ, அவருடைய குரலைக் கருவி கற்றுக்கொள்ளும். பதற்றம், வலி, பத்து நிமிட ஓய்வு. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மாடிப்படி ஏறினாலும் நெஞ்சு வலிக்காது. ஓய்வு முடியுமுன் எழுந்து ஓடிய இரண்டு பேர் ஈரோட்டிலேயே செத்துப்போயிருந்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள் சுகந்தி. "நெசமாவே நான் கத்துனா என்ன பண்ணுவீங்க?"

அவருக்கும் அதே பயம்தான். அதற்கு ஒரு யோசனையும் வைத்திருந்தார்.

"முப்பது வருசமா என்னைய 'ஏனுங்க'ன்னுதான் கூப்புடறே. அதுவும் அதைத்தான் படிச்சு வெச்சிருக்குது. நெசமான ஆபத்துன்னா என் பேரைச் சொல்லு. ஓடியாந்தர்றேன்."

"பேரையா? அய்ய, போங்க!" அவள் முகம் சிவந்துவிட்டது. "சரி, சமயம் வந்தாச் சொல்லிப்போடறேன்."

வியாழக்கிழமை ஏழேகால் மணிக்குக் குளியலறைப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம்.

"ஏனுங்க!"

வலி தோளுக்கு ஏறியது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சுகந்தி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். விழுகிற சத்தமெல்லாம் கருவிக்குப் புதிதில்லை.

"ஏனுங்க... வாங்களேன்..."

"சுகந்தி, நீயா?"

"நாந்தானுங்க..."

போன வாரம் கருவியும் இதே பதிலைத்தான் சொன்னது. எழுந்தால் செத்துப்போவோம் என்ற பயம் ஒரு பக்கம், அது அவளாக இருந்துவிட்டால் என்ற பயம் மறுபக்கம். பேரைச் சொல்லவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். குரல் மெலிந்து மெலிந்து நின்றது. பாவி மெஷின், நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வருகிறதே என்று திட்டினார். கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடத்தையும் முழுசாகக் கழித்தார்.

அப்போது முன்பதற்றி இனிமையாகப் பேசியது.

"வணக்கம். இன்று உங்கள் இதயம் தானாகவே பதறி, ஓய்வும் எடுத்துவிட்டது. ஆகவே காலைப் பயிற்சி ரத்து செய்யப்படுகிறது. நீங்கள் தயார்."

செங்கோட்டுவேல் ஓடினார். குளியலறைத் தரையெல்லாம் ரத்தம். பின்மண்டை பிளந்து கிடந்தாள் சுகந்தி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல், நான்கு மாடியும் படியிலேயே இறங்கினார். வாசலுக்கு வந்த ஆம்புலன்ஸ்காரர் நாடியைப் பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ரத்தம் ரொம்பப் போயிருச்சுங்க. ஒரு பத்து நிமிசம் முந்திக் கட்டுப் போட்டிருந்தாக்கூடப் பொழைச்சிருப்பாங்க."

செங்கோட்டுவேல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வலி வரட்டும் என்று காத்து நின்றார். வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அது வராது.