தொங்கு கட்டை

“எடை பத்தலைடா. உன் பையனை முதுகுல கட்டிக்கிட்டுத் தொங்கு” என்றார் பேக்கரி மாமா.

பட்டாணியின் பென்சில் நின்றுவிட்டது. நோட்டில் பாதி எழுதிய எழுத்து ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“யாரை? வாலுவையா?” என்று கேட்டார் அப்பா.

“வேற யாரு? பன்னெண்டு கிலோ இருப்பானா? உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச எடை. துண்டால இறுக்கிக் கட்டிக்கோ. நாளைக்குக் காலையில நான் வந்து எண்ணுறேன்.”

மேசைக்கு அடியில் உட்கார்ந்து மரச்சுருளைப் பிய்த்துக்கொண்டிருந்த வாலு தலையை நீட்டினான். “நானு! நானு!”

பட்டாணி மெதுவாக நடைவழிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் இருந்தது தொங்கு கட்டை.

சுவரோடு ஒரு பலகை. பலகையிலிருந்து முன்னால் நீட்டிய இரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே ஓர் உருண்டைக் கம்பு. அதைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்புக்கு மேலே வரும்வரை உடம்பைத் தூக்க வேண்டும். அப்பாவே அறுத்து, இழைத்து, மாட்டியது அது.

அப்பா பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விடுமுறை நாளில் மரவேலை செய்வார். எதிர் வரிசையில் பேக்கரி வைத்திருக்கும் மாமா அவருடைய பள்ளித் தோழர். மாமாவுக்கு உடற்பயிற்சி என்றால் உயிர். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் மாமா அப்பாவுக்கு மரவேலை சொல்லிக்கொடுப்பார். அப்பா மாமாவுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பார். அங்கேதான் வம்பு.

“பின்பக்கமா நடந்தா தொப்பை கரையும்” என்று ஒருமுறை அப்பா சொன்னார். மாமா நம்பிக்கையோடு தெரு முழுக்கப் பின்பக்கமாக நடந்து, குப்பைத்தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கணக்கை மாமா தொங்கு கட்டையில் தீர்த்தார். அப்பா சுவரில் பலகையை மாட்ட நீளமான ஸ்க்ரூக்களை எடுத்து வைத்திருந்தார்.

“ஐயையோ, இவ்ளோ நீளமா? சுவர் வெடிச்சிடும்டா. கேக்குல குச்சி குத்துற மாதிரிதான் இதுவும். நீளமா குத்தினா கேக் பிளந்துக்கும். சின்னதா போடு, பசையைத் தடவு, போதும்.”

“சுவரும் கேக்கும் ஒண்ணாடா?”

“ரெண்டுலயும் மேல பூச்சு இருக்கில்ல?”

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு சின்ன ஸ்க்ரூக்களையே போட்டார்.

முதல் நாள் அப்பா தொங்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள். பட்டாணிக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டது. மெல்லியது. பல்லை நறநறவென்று கடிப்பது போல.

மறுநாள் காலை பலகைக்குக் கீழே தரையில் வெள்ளைத் தூள் கிடந்தது. பெருக்கினாள். அடுத்த நாளும் கிடந்தது.

பட்டாணிக்குப் பல்லி என்றால் பயம். இடி என்றால் பயம். லிஃப்ட், பலூன், தண்ணீர்த் தொட்டியின் மூடி, எல்லாமே பயம்தான். “பயந்தாங்கொள்ளி வந்தாச்சு!” என்றுதான் மாமா அவளை வரவேற்பார். அதனால் அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். அப்பா செய்த ஏணி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கடையில் வாங்கிய நாற்காலியைத்தான் அவள் நம்பினாள்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை. அது புதன்கிழமை. வியாழக்கிழமை காகிதம் நுழைந்தது. இன்று, வெள்ளிக்கிழமை, நோட்டின் கெட்டி அட்டையே நுழைந்து நின்றது.

இப்போது மாமா வாலுவைக் கட்டச் சொல்கிறார்.

“அப்பா” என்றாள் பட்டாணி. “அந்தப் பலகை சுவரை விட்டு வருதுப்பா.”

“எங்க வருது? அங்கேயேதானே இருக்கு?” என்றார் மாமா.

பட்டாணி நாற்காலியில் ஏறி அட்டையைச் செருகிக் காட்டினாள். இரண்டு பெரியவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“இது வெயிலுக்கு மரம் கொஞ்சம் சுருங்கியிருக்கும்மா” என்றார் அப்பா.

“சத்தமும் வருதுப்பா.”

“மரம்னா சத்தம் போடத்தான் செய்யும். நம்ம கட்டில் போடலையா?”

“தூள் கொட்டுது...”

“பட்டாணி” என்று மாமா அவள் தலையில் கை வைத்தார். “நீ போன மாசம் கொட்டாவி விட்ட பூனையைப் பார்த்தே பயந்தவ. நான் சொல்றது உண்மையா இல்லையா?”

அது உண்மைதான். பட்டாணி இறங்கிவிட்டாள்.

அம்மா ஊரில் இல்லை. சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. பட்டாணி போனில் கூப்பிட்டாள்.

“அம்மா, அப்பா வாலுவை முதுகுல கட்டிக்கிட்டு...”

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது. “என்ன கண்ணு? முதுகுல தூக்கிட்டு விளையாடறாரா? நல்லதுதானே. இரு, பாப்பாவுக்குப் பசி. அப்புறம் பேசறேன்.”

இரவு படுத்தபோது கண்ணை மூடினால் பலகை தெரிந்தது. கண்ணைத் திறந்தால் வாலு தெரிந்தான். அவன் வாயைத் திறந்து, அவளுடைய தலையணையில் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். அவனுடைய பின்னந்தலை எவ்வளவு சின்னது என்பதை அவள் அதுவரை கவனித்ததே இல்லை.

காலையில் முதல் வேலையாக வீட்டிலிருந்த துண்டுகள் அத்தனையையும் வாளித் தண்ணீரில் முக்கிவைத்தாள்.

அப்பா வந்து வாளியைப் பார்த்தார். “அட, துணியெல்லாம் நீயே ஊறவச்சிட்டியா? சமர்த்து!” என்று சொல்லிவிட்டுப் படுக்கை விரிப்பை எடுத்து நான்காக மடித்தார். “இது இன்னும் அகலமா இருக்கு. நல்லா கட்டலாம்.”

மாமா கைகளைச் சுழற்றிக்கொண்டே வந்தார். “தயாரா? எங்க என் பன்னெண்டு கிலோ?”

“நானு!” என்று ஓடினான் வாலு. பட்டாணி பாதியில் மறித்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா” என்றார் அப்பா.

“மாட்டேன்.”

“பயப்படாதே. அப்பா இருக்கேன்ல?”

நீங்களும்தானே விழுவீங்க என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் அவள் சொன்னால் கேலிதான் செய்கிறார்கள். நேற்றும் அப்படித்தான். வாலு திமிறினான். வேறு எப்படியாவது கேட்க வேண்டும். எப்படி?

“மாமா, அது விழவே விழாதுதானே?”

“விழவே விழாது.”

“யார் தொங்கினாலும்?”

“யானையைக் கூட்டிட்டு வா, தொங்க விடறேன்.”

“அப்போ எது தொங்கினாலும் விழாது. முதல்ல அப்பா எடையும் வாலு எடையும் சேர்த்து வேற ஏதாவது தொங்கட்டும். அப்புறம் நான் இவனை விடறேன்.”

மாமா அப்பாவைப் பார்த்தார்.

“இது நியாயமாத்தான் இருக்கு” என்றார் அப்பா. “தண்ணி கேன் மாட்டிப் பார்ப்போமா?”

“கேன் எதுக்கு? என் கடையில மைதா மூட்டை இருக்கு. இருபத்தஞ்சு கிலோ ஒண்ணு. நாலு மாட்டினா உங்க ரெண்டு பேரையும் தாண்டிடும்.”

“மாவு கொட்டிடுச்சுன்னா?” என்றாள் பட்டாணி.

“விழாதுங்கிறேன், கொட்டிடுச்சுன்னாங்கிறியே! அந்த நம்பிக்கையிலதான் மாவைக் கொண்டு வர்றேன்.”

அவர் தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடற்பயிற்சியும் ஆயிற்றாம். திரும்பிப் போய் இன்னும் இரண்டைக் கொண்டுவந்தபோது மூச்சு வாங்கியது. அதை இருமல் என்று சொல்லிவிட்டார்.

அப்பா முதல் மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கம்பில் மாட்டினார்.

கிர்ர்.

“கேட்டுச்சா?” என்று கிசுகிசுத்தாள் பட்டாணி.

“கயிறு” என்றார் மாமா.

இரண்டாவது மூட்டை ஏறியது. பலகையின் மேல் விளிம்பிலிருந்து வெள்ளைத் தூள் ஒரு கோடாக இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

மூன்றாவது ஏறியது. கயிறுகள் விறைத்துக்கொண்டன. மூட்டைகள் மெதுவாக ஆடி நின்றன. சத்தமே இல்லை.

அந்த அமைதிதான் பட்டாணியை அதிகம் பயமுறுத்தியது.

“பார்த்தியா? கல்லு மாதிரி நிக்குது” என்று மாமா இரண்டு கைகளையும் விரித்தார். “எடுடா நாலாவதை.”

அப்பா நாலாவது மூட்டையைக் கட்டக் கம்புக்கு நேர் கீழே குனிந்தார்.

“அப்பா, தள்ளி நின்னு கட்டுங்கப்பா!”

அவள் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா திடுக்கிட்டு இரண்டடி பின்னால் வந்தார். அதே நேரம் அவளுடைய பிடி தளர்ந்துவிட்டது. வாலு நழுவினான். தொங்குகிற மூட்டைகளில் ஊஞ்சல் ஆட வேண்டும் என்று அவனுக்கு எப்போதிலிருந்தோ ஆசை போல. கையை விரித்துக்கொண்டு நேராக ஓடினான்.

பட்டாணி எட்டிப் பாய்ந்தாள். கையில் கிடைத்தது சட்டைக் காலர் மட்டும்தான். அதைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பின்னால் உருண்டார்கள்.

டமார்!

சுவரே பெயர்ந்து வந்தது போலிருந்தது. பலகை, கம்பு, மூட்டைகள், எல்லாம் ஒன்றாக விழுந்தன. ஒரு மூட்டை வெடித்தது. வீடு முழுக்க வெள்ளைப் புகை. யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

“வாலு! பட்டாணி!” அப்பாவின் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“இங்க இருக்கோம்ப்பா.”

புகைக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து இருவரையும் சேர்த்து அள்ளிக்கொண்டன. அப்பாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது பட்டாணியின் காதில் கேட்டது. அவளுடையதைவிட வேகமாக.

மாவு மெல்ல அடங்கியது. மாமா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தலை, புருவம், மீசை, எல்லாம் வெள்ளை. கண் மட்டும் கறுப்பு. அவர் குனிந்து தரையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது அவருடைய சுண்டுவிரலில் பாதிகூட இல்லை.

“இன்னும் உன் எடைகூட ஆகலையேடா” என்றார் மெதுவாக. “மூணு மூட்டைதான்.”

“தெரியுது” என்றார் அப்பா. வாலுவின் பின்னந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை.

“இன்னொரு தடவை!” என்றான் வாலு.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மாமாவின் மீசையிலிருந்து ஒரு கட்டி மாவு பொத்தென்று விழுந்தது. அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது.

“நேத்து நீ சொன்னப்போவே நான் கேட்டிருக்கணும்” என்றார் பட்டாணியிடம்.

“எனக்கும் நிச்சயமாத் தெரியாதுப்பா. பயமா மட்டும்தான் இருந்துச்சு.”

“இப்போ?”

“இப்பவும்தான். அம்மா வர்றதுக்குள்ள இதையெல்லாம் எப்படிப் பெருக்குறது?”

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பயம் அவர்களுக்கும் உடனே தொற்றிக்கொண்டது. மாமா ஓடிப்போய்க் கடையிலிருந்து பெரிய துடைப்பத்தைக் கொண்டுவந்தார்.

அம்மா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அவள் பேசியது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. தொங்கு கட்டையை மறுபடி மாட்டுவது பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயே திறக்கவில்லை. நண்பர்கள் இருவரும் இப்போது தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளை மட்டும்தான் செய்கிறார்கள். தரை எங்கேயும் விழாது என்பது மாமாவின் கருத்து.

அடுத்த வாரம் ஒரு மாலை, பட்டாணி படித்துக்கொண்டிருந்தபோது மாமா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஒரு காலில் நின்று மறு காலால் கெண்டைக்காலைச் சொறிந்தார்.

“அப்பா இன்னும் வரலை மாமா.”

“அப்பா வேண்டாம். உன்னைத்தான் பார்க்க வந்தேன்” என்றார். தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கடைச் சுவர்ல பிஸ்கட் டப்பா அடுக்க ஒரு அலமாரி அடிச்சிருக்கேன். நானே அடிச்சேன். நாளைக்கு அதுக்குக் கீழே ஆளுங்க நிப்பாங்க. நீ வந்து கொஞ்ச நேரம் பயந்து பார்க்கிறியா?”

பட்டாணி பென்சிலைக் கீழே வைத்தாள். நோட்டின் கெட்டி அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.