நாலாவது பத்து

வின்சன்ற் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலிப் படலையடியில் நின்றபோது பெர்னடெட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுகிறதென்றாலும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! ஆறு வருசமாக முகம் காட்டாத தம்பி. அம்மாவின் செத்தவீட்டுக்கும் வராதவன். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து சனமும் கலைந்த பிறகு, மத்தியான வெயிலில் சாவகச்சேரியிலிருந்து மிதித்து வந்து நிற்கிறான்.

"உள்ளுக்கு வாவன். படலைக்கு என்ன காவலோ?" என்றாள்.

வந்தான். ஆனால் முற்றத்தில் பதுங்க வெட்டிய பங்கருக்குக் கிட்டப் போகாமல், வேலியோரமாக ஒதுங்கித்தான் வந்தான். அவள் அதைக் கவனித்தாள்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ. குருநகரிலை இனி ஆர் இருக்கினம்? கடற்பக்கத்தாலை நெடுக ஷெல் வருகுது. என்னோடை வந்து இருங்கோ."

"என்னாலை ஏலாது. சிமியோன் வந்தால் வீட்டிலை ஆர் நிக்கிறது?"

சிமியோன் அவர்களுடைய கடைசித் தம்பி. அம்மா மீன் விற்கப் போன நாட்களில் பெர்னடெட் இடுப்பில் காவி வளர்த்த பிள்ளை. எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமியோடு சண்டை தொடங்க, அவள் நெல்லியடியில் அகப்பட்டுக்கொண்டாள். மூன்று கிழமை கழித்து வீட்டுக்கு வந்தால் பிள்ளையைக் காணோம். "வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டான்" என்றாள் அம்மா. அடுத்த கிழமை வின்சன்றும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். தாயைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போனவன் என்று அவனைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. சிமியோனிடமிருந்து ஒரு துண்டுக் கடிதமும் வரவில்லை. இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று இருந்தே அவளுக்குத் தலை நரைத்துப்போனது.

வின்சன்ற் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வானம் இரைந்தது.

"பொம்பர்! ஓடி வா!"

அவள் பங்கர் வாசலில் இறங்கிவிட்டாள். அவன் அசையவில்லை.

"நான் உதுக்கை வரமாட்டன் அக்கா."

"விசரா, சாகப்போறியே?"

கையைப் பிடித்து இழுத்து உள்ளே விழுத்தினாள்.

கும்மிருட்டு. ஈரமண் மணமும் பழஞ்சாக்கு மணமும் மூக்கில் ஏறின. நிமிர்ந்தால் பனங்குற்றி தலையில் இடிக்கும். முன்பு ஆறு பேர் கால் நீட்டியிருந்த பங்கர், இப்போது மூன்று பேருக்கே இடம் காணாது. அந்தப் பக்கம் இடிந்துபோனதென்று அம்மா மண்மூட்டை அடுக்கி அடைத்திருந்தாள். குண்டு விழாத நாட்களிலும் பின்னேரம் இதற்குள் வந்திருந்துதான் அம்மா செபமாலை சொல்லுவாள். கிழவிக்குப் பயம் பிடித்துவிட்டது என்று பெர்னடெட் நினைத்திருந்தாள்.

முதல் குண்டு கரைப்பக்கம் விழுந்தது. தலையில் மண் கொட்டியது. அவள் மடியிலிருந்து அம்மாவின் செபமாலையை எடுத்தாள்.

அந்த வீட்டில் அதற்கொரு ஒழுங்கு உண்டு. மாலையின் முதல் பத்து மணியை அம்மா தொடக்கிச் சொல்லுவாள். இரண்டாவது பத்து பெர்னடெட், மூன்றாவது வின்சன்ற், நாலாவது சிமியோன். ஐந்தாவதை எல்லாரும் சேர்ந்து. ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மீதியை முடிப்பார்கள். சிமியோன் போன பிறகு அம்மா பங்கருக்குள் தனியே சொல்லும்போது, நாலாவது பத்தில் மட்டும் பின்பாதிதான் வெளியே கேட்கும். முன்பாதியை மனதுக்குள் சொல்லுகிறாளாக்கும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

அம்மாவின் பத்தையும் தன் பத்தையும் பெர்னடெட்டே தொடக்கினாள். மூன்றாவதை வின்சன்ற் சொல்லி முடித்தான். நாலாவதுக்கு அவள் மூச்செடுத்தாள்.

"அருள் நிறைந்த மரியே..."

மெல்லிய குரல். மூச்சு முட்ட முட்டச் சொல்லுகிற குரல்.

வின்சன்ற்தான் சொல்லுகிறான் என்று நினைத்து, "அர்ச்சிஷ்ட மரியே" என்று மீதியை முடித்தாள். இரண்டாவது மணி. மூன்றாவது மணி.

குரல் மண்மூட்டைப் பக்கமிருந்து வந்தது.

வின்சன்ற் இருந்தது வாசல் பக்கம்.

அவனுடைய கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

"அக்கா... நான் சொல்லேல்லை."

ஏழாவது மணியோடு குரல் நின்றது.

பொம்பர் எப்போது போனதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"ஆமி வீடு வீடாத் தேடி வந்தவங்கள்," வின்சன்ற் குசுகுசுத்தான். "அம்மா அவனை இதுக்கை விட்டு, வாசலை மண்ணாலை மூடச் சொன்னவ. மண்ணை வெட்டிப் போட்டது நான். அரை மணித்தியாலம் எண்டுதான் நினைச்சம். வந்தவங்கள் எங்கடை முற்றத்திலையே இரண்டு நாள் இருந்திட்டாங்கள். நான் குசினிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டே இருந்தன் அக்கா. பிறகு திறக்கேக்கை..." அவன் மண்மூட்டைப் பக்கம் கையை நீட்டினான். "உதுக்குப் பின்னாலைதான் கிடக்கிறான். ஊரடங்கு, சேமக்காலைக்குக் கொண்டுபோகேலாது. உங்களுக்குத் தெரிஞ்சால் தாங்கமாட்டியள் எண்டு அம்மா மாதா படத்திலை சத்தியம் வாங்கினவ."

அவள் அவன் கன்னத்தில் ஓங்கி அடித்தாள். பிறகு அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டு குழறினாள்.

"ஆறு வருசம் அவனுக்குச் சுகத்தைக் குடுங்கோ எண்டெல்லோ மன்றாடினனான்! ஆத்துமத்துக்கெண்டு ஒரு பூசை குடுக்கேல்லையேடா! என்ரை பிள்ளை ஒரு செபமுமில்லாமல் கிடந்திருக்கே!"

ஜாம்போத்தல் விளக்கைக் கொளுத்தினாள். தலைக்கு மேலே பனங்குற்றியில், இதுவரை இருட்டில் கண்ணில் படாத கீறல்கள். நகத்தால் கீறியவை. ஒரு வரிசையில் பத்து. அதன் கீழே பத்து. அதற்கும் கீழே பத்து. நாலாவது வரிசையில் ஏழு. கையில் மணியில்லாத பிள்ளை கீறிக் கீறி எண்ணியிருக்கிறது. மிச்சம் மூன்றையும் பெர்னடெட் சொல்லி, அவன் ஆத்துமத்துக்கு நித்திய இளைப்பாற்றியும் கேட்டு மன்றாடினாள்.

அடுத்த நாள் காலமை பங்குச் சுவாமியார் வந்தார். மூட்டைகளை அகற்றி, எலும்புகளைப் பெட்டியில் வைத்து, சேமக்காலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அன்றிரவு பெர்னடெட் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். விடிய எழும்பி, இரண்டு சேலையையும் மாதா சுரூபத்தையும் உரப்பையில் கட்டி வின்சன்றிடம் கொடுத்தாள். காத்திருக்க இனி ஆள் இல்லை. போகலாம்.

பங்கருக்குள் விட்ட விளக்கை எடுத்துவர இறங்கினாள். கொளுத்தினாள்.

நாலாவது வரிசையில் பத்துக் கீறல் இருந்தது.

அவள் கீறவில்லை. வின்சன்ற் கீறியிருப்பானோ? எலும்பெடுத்த பிறகு அவன் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

கீழே ஐந்தாவது வரிசை தொடங்கியிருந்தது. ஒரேயொரு கீறல். மரத்தும்பு வெள்ளையாகத் தொங்கியது.

"அக்கா, நேரம் போகுது!" மேலேயிருந்து வின்சன்ற் கூப்பிட்டான்.

பெர்னடெட் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

"ஐஞ்சாவது எல்லாரும் சேர்ந்தெல்லே சொல்லுறது. இறங்கி வா."

அவன் இறங்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

அவள் செபமாலையை எடுத்தாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

மீதி வந்தது. வாசலில் இருந்து அல்ல. அவளுடைய முதுகுக்குப் பின்னால், மூட்டை எடுத்த வெறுங்குழிக்குள் இருந்து.

இரண்டு குரல்கள்.

ஒன்று அம்மாவுடையது.