இருவருக்கான அறை

குளியலறைத் தரையில் மணல் கிடந்தது. ரொம்சோஸ் புறநகரில், ஏழாம் மாடியில், பனி கொட்டும் நவம்பரில். செபஸ்ரியன் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஈரம். கூடத்து மேசையில் கிடந்த கிரீட் தீவுப் பயணப் புத்தகத்தில் எலஃபோனிசிக் கடற்கரை என்ன இளஞ்சிவப்போ, அதே இளஞ்சிவப்பு.

"சப்பாத்தில ஒட்டி வந்திருக்கும்," என்று சுவரைப் பார்த்து உரத்துச் சொன்னார். கல்யாணமே கட்டாத ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்குச் சுவர்தான் பேச்சுத்துணை, எதிர்த்துக் கதைக்காது.

ஆனால் போன மாதம் ஒரு கல்யாணம் கட்டியிருந்தார், பயண முகவர் நிலையத்து மேசையில், ஒரே நிமிடத்தில். தனி ஆளுக்கு அறை என்றால் விலை கூட. சோடியாகப் போனால் இரண்டாவது ஆளுக்கு இலவசம். பேரம் பேசாமல் கறிவேப்பிலைகூட வாங்காத மனிதர் சும்மா விடுவாரா? "மனிசியையும் போடு, பிள்ளை," என்றார் அங்கே வேலை பார்க்கும் தேவிகாவிடம். வாயில் வந்த பெயர் இராசமணி. புறப்படும் அன்று மனிசிக்குக் காய்ச்சல் என்றால் முடிந்தது. ஹானியா, றெதிம்னோ என்று கிரீட்டின் பழைய நகரங்களைத்தான் தெரிவுசெய்திருந்தார். பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் எட்டு வருடம் மீன் வெட்டியவருக்குக் கடலைக் கண்டாலே குமட்டும். வெயில் மட்டும் வேண்டும், ஒரு கிழமை, எலும்பு வரைக்கும்.

தொலைபேசி அடித்தது. தேவிகா.

"அங்கிள், அன்ரி வந்து நகரமெல்லாம் வேண்டாமெண்டு கடற்கரைக்கு மாத்திப்போட்டா."

"எந்த அன்ரி?"

"நல்ல பகிடி! உங்கட இராசமணி அன்ரிதான். வெளியில மைனஸ் பத்து, பாவம், தலைமயிர் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது."

மூன்றரை மணிக்கே ஜன்னலில் இருட்டு அப்பியிருந்தது; சூடாக்கி டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருக்க, மின்தூக்கி எங்கோ கீழிருந்து முனகிக்கொண்டு ஏறி அவர் மாடியில் நின்று, யாரும் இறங்காமல் கதவை மூட, வீட்டுக்குள் வெயிற்களிம்பும் உப்பும் கலந்த வாசனை மெல்லப் பரவிற்று. மேசையில் புத்தகத்தைக் காணவில்லை. சமையலறையில் யாரோ பக்கம் புரட்டினார்கள்.

கோட்டை அள்ளிக்கொண்டு ஓடினார். ரயிலேறி, தேவிகாவின் மேசைக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றார்.

"அந்தப் பொய்ப் பேரை வெட்டு, பிள்ளை! கெதியா!"

தேவிகா நிமிர்ந்தாள். "அது அப்பவே வெட்டியாச்சே. அன்ரியே திரும்பி வந்து சொன்னவ. தனி அறைக்கு விலை கூடவெண்டு, இல்லாத மனிசன் ஒருத்தரைச் சும்மா போட்டவவாம்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கள் ஆர்?"

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அழைப்பு மணிக்கு மேல் ஒரே பெயர்.

இராசமணி.

சாவி திரும்பவில்லை. மணியை அமுக்கினார்.

ஈரக் காலடி. நெருங்கி. சங்கிலி இழுபட, கதவு ஒரு கை அகலம் திறந்தது. கூடத்தில் ஒரு பெட்டி. ஒரு சோடிச் செருப்பு. நனைந்த கூந்தல். இரண்டு கண்கள், அவரூடாக, எதிர்ச் சுவரைப் பார்த்தன.

"ஒருத்தருமில்லை," என்றாள் அவள், சுவரிடம், உரத்து. "காத்தா இருக்கும்."

கதவு மூடியது.

செபஸ்ரியன் ஓங்கித் தட்டினார். தட்டிய சத்தமில்லை. மறுபடியும். சத்தமில்லை.

வாசல் மிதியடியில் மட்டும், முதலில் அவரது விரல்களிலிருந்து, பிறகு மணிக்கட்டிலிருந்து, இளஞ்சிவப்பு மணல் கொட்டிக்கொண்டிருந்தது.