வினிகர் பிடிக்காத இடம்

கத்தியின் அலகு முழுவதும் வினிகரில் கறுத்திருந்தது, ஓரிடம் தவிர. முனைக்குச் சற்றுக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும் வெளேரென்று நின்றது.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. எதையும் விளிம்பில் பிடித்தே பழகிய கை. வீட்டில் தட்டைக்கூட அப்படித்தான் எடுப்பாள், கணவன் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். மறுபடி துருப்பிடிக்காமலிருக்க வினிகரில் கறுப்பேற்றலாம் என்று, இந்தக் கத்தியையும் உப்புத்தாளால் துருப் போகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கையுறை போட்ட பிறகுதான் கறுப்பில் கோலம் விழக் கடுகு விழுதைப் பஞ்சுக் குச்சியால் அலை அலையாக இழுத்து வினிகரில் இறக்கினாள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கொஞ்சம் பட்டாலும் போதும், அந்த இடத்தில் வினிகர் பிடிக்காது. துடைத்த பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"கத்தியத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்?" கூடத்திலிருந்து கணவனின் குரல் வந்தது. "கொண்டாந்து குடுத்ததோட சரி."

கொண்டுவந்ததே அவளுக்கு உறுத்தலாக இருந்தது. அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். யாரோ பின் சீட்டில் விட்டுவிட்டுப் போனதாம். சமையல் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு யார் காரில் ஏறுவார்கள்? அதைவிட, அவன் இப்போதெல்லாம் கத்துவதில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவன், சமீபமாக உப்பே இல்லாவிட்டாலும் அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறான். முன்கோபக்காரன் திடீரென்று சாதுவானால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அக்காவிடம் போனில் சொன்னபோது சிரித்தாள். "கத்துனா கத்துறார்ங்கற. சும்மா இருந்தா சும்மா இருக்கார்ங்கற. உனக்கு என்னதான்டி வேணும்?"

அடுத்த விடுமுறை நாளில் கறையையெல்லாம் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை சமையலறைக் கதவைத் தாழிட்டாள். சூடான வினிகரின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்க, இரும்பின் மேல் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி உடையும் சத்தம் பக்கத்து அறையில் யாரோ வாய்க்குள் முணுமுணுப்பது போலக் கேட்க, பார்வையை எடுக்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே காலடி ஒன்று வந்து நின்றது. தட்டவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

கத்தியை வெளியே எடுத்தாள். கட்டைவிரல் அதே இடத்தில் இருந்தது, குறுக்கே சாய்வாக ஒரு கோட்டுடன். மறுபக்கம் திருப்பினாள். அங்கே நான்கு விரல்கள் வரிசையாக இருந்தன.

கதவைத் திறந்ததும் எதிரில் நின்றவனின் கையைப் பிடித்து இழுத்துக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அகலமான கட்டைவிரல், ரேகை பாதி தேய்ந்திருந்தது. கோடு எதுவும் இல்லை.

"போலீஸ்காரியையா கட்டிக்கிட்டேன்?" என்றான். பிறகு அவளுடைய விரல்களைத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்து, வேண்டிய நேரத்துக்கு மேலும் பார்த்தான். "உன் கை எவ்வளவு சின்னதா இருக்கு."

அவன் போனதும் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சுழி அப்படியே ஒத்துப்போனது. ஆனால் அவள் விரலிலும் அந்தக் கோடு இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதி அந்த வாரம்கூட நிலைக்கவில்லை. கடையில் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் ஒன்று தெறித்து உடைந்து, அவள் கட்டைவிரலைக் குறுக்கே கீறியது. பிளாஸ்திரியை எடுக்கிற நாளில், காயம் ஆறிய விரலைக் கத்தியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே சாய்வு. அதே நீளம்.

கத்தியை எடுக்கிறவர்கள் கைப்பிடியைத்தான் பிடிப்பார்கள். முனைப் பக்கத்திலிருந்து அலகை இப்படி வளைத்துப் பிடிக்க வேண்டுமென்றால், எப்போது பிடிப்போம்? வெறும் காற்றில் பிடித்துப் பார்த்தாள். கை தானாகவே வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. அப்போதுதான் புரிந்தது. கைப்பிடி எதிரில் இருக்கிறவன் கையில்.

செய்தித்தாளில் கத்தியைச் சுற்றி, மழைத் தூறலில் இரண்டு தெரு தாண்டிப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வினிகரைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினாள். அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையில் துணி அடுக்கினாள். நெடி மட்டும் போகவில்லை. கழுவக் கழுவ ஏறியது.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

அவன் நனைந்திருந்தான். கையில் ஈரச் செய்தித்தாள்.

"இவ்வளவு பாடுபட்டுத் தேய்ச்சிட்டு இதைப் போய் குப்பையில போடுவாங்களா?"

குரல் உயரவே இல்லை. தாளைப் பிரித்தான். பிரித்துக்கொண்டே பையைப் பார்த்தான். கதவைக் காலால் சாத்தினான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர்.

"இந்தா," என்றான். "பிடிச்சுக்க."

கைப்பிடி அவன் கையில். முனை அவள் பக்கம்.

வேண்டாம் என்று அவள் நினைத்தாள். கை எழுந்தது. கட்டைவிரல் அந்த வெளுத்த ரேகையின் மேல் போய் உட்கார்ந்தது. கோட்டின் மேல் கோடு. மறுபக்கம் நான்கு விரல்களும் அதனதன் இடத்தில்.

கைப்பிடியை அவன் விடவில்லை.