சைலபோன் எடுக்கும் பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் மழை வந்தால், கடல் காலி வீதி என்ற பெருந்தெருவுக்கே ஏறி வந்துவிட்டதோ என்று தோன்றும்... அப்படி ஒரு சனிக்கிழமை மழை.

காற்றில் மடங்கிய குடையோடு சங்கீதப் பள்ளியின் படிகளில் ஓடி ஏறிய உஷாந்தி, வாசலில் நின்றிருந்த ஒருவன்மேல் போய் மோதினாள். அவள் கையிலிருந்த இரண்டு கோல்களும், உருண்டைத் தலை வைத்த சைலபோன் கோல்கள், படிகளில் உருண்டு மழைத் தண்ணீரில் விழுந்தன.

"ஐயோ... கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

மோதியதும் அவள்தான், ஏசியதும் அவள்தான். அவன் மழையில் இறங்கினான். கோல்களை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து நீட்டினான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். நனைந்த இமைகளுக்குள் சிரிப்பை ஒளித்து வைத்திருந்த கண்கள்...

"பிள்ளை எங்கங்க?" என்றான்.

"எந்தப் பிள்ளை?"

"சைலபோன் கிரேட் ஒன் சோதனை எடுக்கப்போற பிள்ளை. டீச்சர் லீவுல போயிட்டாங்க. பிள்ளைக்குப் பக்கவாத்தியமா பியானோ வாசிக்க நான் வந்திருக்கேன். பேரு லோகேஸ்வரன்."

உஷாந்தியின் காதுமடல்கள் சூடாகின. "நான்தான் அந்தப் பிள்ளை."

"நீங்க... அம்மா இல்லீங்களா?"

"ஆருக்கு அம்மா?"

இப்போது கண்களில் இருந்த சிரிப்பு உதட்டுக்கே வந்துவிட்டது. உஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

இருபத்தெட்டு வயதில், காப்புறுதிக் கம்பனியில் அதிகாரியாக இருப்பவள், எட்டு வயதுப் பிள்ளைகள் எடுக்கும் சோதனைக்குத் தயாராகிறாள் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அக்காவின் மகளை வயலின் வகுப்புக்குக் கூட்டி வந்த இடத்தில், மூலையில் கிடந்த சைலபோனை, மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய அந்த வாத்தியத்தை, ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அந்த மரக்கட்டையிலிருந்து எழுந்த சத்தம் அவளை விடவே இல்லை. அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

லோகேஸ்வரன் கொட்டாஞ்சேனையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பவன். சனிக்கிழமைதோறும் வந்தான். சனிக்கிழமைதோறும் சண்டையும் வந்தது.

"மெதுவாங்க... பின்னால நாயா தொரத்துது?"

"நீங்கள்தான் பிந்துறியள்."

"நான் உங்க பக்கத்துலதான் வர்றேன். நீங்கதான் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறீங்க."

திரும்பிப் பார்த்தாள். கோல் தவறான கட்டையில் விழுந்தது... இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அதன்பிறகு அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. மற்ற நாள்களெல்லாம் அதற்காகக் காத்திருக்கிற நாள்கள். 'எனக்கு என்ன நடக்குது...' என்று கண்ணாடியைக் கேட்டாள். கண்ணாடி சிரித்தது.

ஒருநாள் அம்மா பாலேஸ்வரி அவளைக் கூட்டிப்போகப் பள்ளிக்கே வந்துவிட்டாள்.

"தம்பி எவ்விடம்?"

"கொட்டாஞ்சேனை, ஆன்ட்டி."

"அதில்லை... சொந்த இடம்?"

"ஹட்டன் பக்கம். தாத்தா பாட்டியெல்லாம் தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க."

"ஓ..."

அந்த 'ஓ'வில், மலையகத்தாரைத் தாழ்வாகப் பார்க்கும் அவளது யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தது. வாசலுக்கு வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பெடியனோட உனக்கென்ன அவ்வளவு சிரிப்பு?"

"சும்மா பியானோ அடிக்க வாறவர், அம்மா. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பினால்... அவள் மறந்துவிட்டு வந்த இசைத்தாள்களோடு லோகேஸ்வரன் நின்றிருந்தான். அவற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த சனி அவன் நேரத்துக்கு வந்தான். "தொடங்கலாமா, மிஸ்?" என்றான். சண்டையும் இல்லை, நாயும் துரத்தவில்லை. அந்த 'மிஸ்' அவளை ஊசியாகக் குத்தியது. மன்னிப்பு ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்தது... அவன் பியானோவை மூடியதும் தொண்டைக்குள் திரும்பிப் போனது.

சோதனை நாள். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். வரிசையில் சின்னப் பிள்ளைகள், நடுவில் அவள். உள்ளே பரீட்சகராக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பியானோவில் லோகேஸ்வரன். ஸ்கேல்கள், அந்த ஏறியிறங்கும் ஸ்வர வரிசைகள், சரியாக வந்தன. முதல் பாட்டும் சரி. இரண்டாம் பாட்டில்... கண் வழுக்கியது. மூன்றாம் வரியை விட்டுவிட்டு நான்காம் வரிக்குத் தாவிவிட்டாள்!

'முடிஞ்சுது...' என்று நினைத்த அதே கணத்தில் பியானோ அவள் பக்கத்திலேயே கேட்டது. அவனும் தாவியிருந்தான். ஒரு தட்டுக்கூடப் பிந்தவில்லை. பரீட்சகர் தலையசைத்து, நன்றி சொல்லி அனுப்பினார்.

வெளியே தூறல். அவன் படியிறங்கப் போனான்.

"நில்லுங்கோ... அண்டைக்கு அம்மாட்ட நான் சொன்னது பொய். அம்மாவின்ர முகத்தைப் பாத்துப் பயந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியுங்க..." என்றான். ஒரு படி இறங்கி நின்று, "ஆனா வலிச்சிச்சு."

அவள் கண்கள் நிறைந்தன. "ஒரு வரி விட்டிட்டன். எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"நோட்டப் பாத்திருந்தா பிடிச்சிருக்க முடியாதுங்க." அவன் மழையைப் பார்த்தான், பிறகு அவளை. "உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். முதல் நாள்ல இருந்தே..."

உஷாந்தி கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அவன் குழப்பத்தோடு பார்த்தான்.

"அம்மா... ஓம், நல்லாச் செய்தனான். நான் லோகேஸ்வரனோட நிக்கிறன். இல்லை அம்மா, பியானோ எல்லாம் முடிஞ்சுது. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு... அதுக்காகத்தான் நிக்கிறன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வீதியைப் பார்த்து நின்றாள். ஒரு பஸ் போனது... இன்னொன்றும் போனது. பிறகு அம்மாவின் குரல் மெல்ல வந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"வீட்ட கூட்டிக்கொண்டு வரட்டாம். கதைக்க வேணுமாம்."

"திட்டுவாங்களா?"

"முதல்ல ஏசுவா. பிறகு தேத்தண்ணி தருவா..." கன்னத்தில் வழிந்த துளியை அவள் துடைக்கவில்லை. "வாறியளோ?"

ஹட்டன்காரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். வெட்கத்தோடு, 'ஆமாங்க'வை விட்டுவிட்டு, அவளைப் போலவே, "ஓம்..." என்றான்.